முறை நோட்டில் இல்லாத வாசல்

எங்கள் தெருவில் மொத்தம் நாற்பத்தொரு வாசல். யார் எப்போது கேட்டாலும் சொல்வேன். ஆனால் சரியாகச் சொல்ல வேண்டிய ஒரு நாளில் நாற்பது என்று சொல்லிவிட்டேன். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எட்டாவது வரைக்கும் படித்தவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின ஆந்திர ஊரான நகரியில் ஏரிக்குக் கீழே தாழ்வாக இருக்கிற தெரு எங்களுடையது. பாதி வீடுகளில் பவர்லூம் ஓடும். என் வீட்டில் இரண்டு தறி, பின்னால் ஒரு பசுமாடு, முன்னால் துளசி மாடம். தெருக்கோடியில் பஜனை கோயில். பெரிய கோயில் இல்லை. ஒரு கூடம், ராமர் படம், குத்துவிளக்கு, ஒரு மைக் செட், அவ்வளவுதான். அந்தக் கூடத்துச் சாவி இருபத்திரண்டு வருடமாக என் இடுப்பில் இருக்கிறது.

மார்கழியில் முப்பது நாளும் விடியற்காலையில் பஜனை புறப்படும். ஒருவர் விளக்கைத் தூக்கிக்கொள்வார். மற்றவர்கள் பின்னால் பாடிக்கொண்டே போவோம். வாசலுக்கு வாசல் நிற்போம். வீட்டுக்காரர்கள் விளக்குக் காலுக்குத் தண்ணீர் ஊற்றிக் கற்பூரம் காட்டுவார்கள். ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்காரர் பொங்கல் செய்து கொண்டுவருவார். யாருக்கு என்றைக்கு முறை என்று ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பது என் வேலை. அதற்கு முறை நோட்டு என்று பெயர்.

ஒரு வீட்டில் சாவு விழுந்துவிட்டால் அந்த வீட்டுக்கு ஒரு வருடம் முறை கிடையாது. பஜனை அந்த வாசலில் நிற்காது. அந்த வீட்டருகே வரும்போது பாட்டை நிறுத்திவிட்டு, ஜால்ராவைச் சத்தம் வராமல் இரண்டு உள்ளங்கையிலும் மூடிப் பிடித்துக்கொண்டு தாண்டுவோம். அதற்கப்புறம்தான் திரும்பப் பாட்டு எழும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. காலும் கையும் தானாகச் செய்யும்.

எங்கள் பஜனைக்கு மிருதங்கம் வாசித்தவர் எனக்கு நாலு வீடு தள்ளி இருந்தார். உறவு இல்லை என்றாலும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் மனைவி எனக்கு அண்ணி. ஒரே பெண். அவளை விஜயபுரம் பக்கம் கொடுத்திருந்தார்கள். அண்ணன் பவர்லூமுக்கு மாறாமல் கடைசிவரை குழித்தறியில்தான் நெய்தார். முன் அறையில் கால் விட்டு உட்காருகிற அளவுக்குக் குழி வெட்டி, அதன்மேல் தறி. ஆடி மாதம் ஒரு மத்தியானம் நெஞ்சு வலிக்கிறது என்றார். திருப்பதிக்குக் கொண்டுபோனோம். புத்தூர் தாண்டுவதற்குள் என் தோளிலேயே தலை சாய்ந்துவிட்டது.

காரியத்துக்கு வருகிறவர்கள் உட்கார இடம் வேண்டுமென்று தறியைப் பிரித்துச் சுவர் ஓரம் வைத்தோம். குழியின்மேல் பலகை போட்டு, அதன்மேல் பாய் விரித்தோம். பலகையை அடுக்கினவன் நான்தான். ஆணி அடிக்கவில்லை. எதற்கு ஆணி, பத்து நாளில் எடுத்துவிடலாம் என்று விட்டேன். நாலு மாதம் அப்படியே கிடந்தது.

இந்த இடத்தில் வெள்ளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு வருடம் முன்னால் ஒரு கார்த்திகையில் ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் போகிற கோடி வழியாக வழிந்து, எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் வந்தது. அன்றைக்கு ஆளாளுக்கு ஓடினோம். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார், யார் போனார் என்று ஒருவருக்கும் தெரியாது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஏழுமலையான் காப்பாற்றினான். தண்ணீர் வடிந்தபிறகு பஜனை கோயிலில் கூடிப் பேசினோம். இனி தெருவுக்கு நாமே ஆள் என்று முடிவெடுத்தோம். கயிறு, டார்ச் வாங்கி வைத்தோம். மைக் செட்டுக்கு ஒரு பழைய பேட்டரி. மேட்டில் இருக்கிற ஹைஸ்கூலுக்கு ஒரு சாவி கேட்டு வாங்கினோம். இனி யாரையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று விடுதலை கிடைத்த மாதிரி இருந்தது. பஜனைக்காரர்கள்தான் தொண்டர்கள், வேறு யார் வருவார்?

அண்ணன் போன அந்த வருடம் ஐப்பசியில் சச்சிவாலயம் என்கிற வார்டு ஆபீஸிலிருந்து ஒரு மேடம் வந்து எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் தெலுங்குக்காரர். பொறுமையாகத்தான் சொன்னார். தெருவைப் பிரித்துக்கொள்ளுங்கள், இரண்டிரண்டு பேராகப் போங்கள், கதவைத் தட்டுங்கள், ஆளைக் கண்ணால் பாருங்கள், லிஸ்ட்டில் குறி போடுங்கள் என்றார். பிறகு கேட்டார், லிஸ்ட் இருக்கிறதா?

என் மச்சான், மனைவியின் தம்பி, பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு வாய் சும்மா இருக்காது. "பொங்கல் துன்றவங்க லிஸ்டு ரெடியா கீது மேடம். தண்ணில போறவங்க லிஸ்டுதான் இல்ல" என்றான். எல்லாரும் சிரித்தோம். மேடமும் புரிந்துகொண்டு சிரித்தார்.

"அதே போதும்" என்றேன் நான். பெருமையாகவே சொன்னேன். வாசல் வரிசையாக எழுதி வைத்திருக்கிறேனே, இதைவிட நல்ல லிஸ்ட் எந்தத் தெருவில் இருக்கும்?

மார்கழி வரப்போகிறதென்று அந்த வருடத்து முறையை அப்போதுதான் புதுப் பக்கத்தில் எழுதி முடித்திருந்தேன். எழுதும்போது அண்ணன் வீட்டை விட்டுவிட்டேன். விட வேண்டியதுதானே. அப்படி விட்டபோது கண் கலங்கியது, பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மேடம் கெட்டிக்காரர். "பஜனைக்கு வராதவங்க, வாடகைக்கு இருக்கிறவங்க, அவங்கள எல்லாம் சேர்த்தீங்களா?" என்று கேட்டார். யோசித்து யோசித்துச் சேர்த்தோம். மூலையில் இருக்கிற கிறிஸ்தவக் குடும்பம். மாடியில் வாடகைக்கு இருக்கிற ராமகுப்பத்துப் பையன்கள். சண்டை போட்டுக்கொண்டு எட்டு வருடமாகப் பஜனைக்குக் கதவு திறக்காத வீடு, அதையும் சேர்த்தோம். மேடத்துக்குத் தமிழ் படிக்க வராது. நான் ஒவ்வொரு வீடாக வாசிக்க, அவர் தெலுங்கில் எழுதிக்கொண்டார். நாற்பது வந்தது. இரண்டாம் தடவையும் வாசித்துக் காட்டினேன். மச்சான் தலையாட்டினான். என்றைக்கும் நோட்டில் இல்லாதவர்களை எல்லாம் நினைத்துப் பார்த்துச் சேர்த்தோம். என்றைக்கும் இருந்து, இந்த வருடம் எடுத்துவிட்ட ஒரு வீடு மட்டும் எங்கள் ஒருவருக்கும் நினைவில் வரவில்லை.

அண்ணி அந்த நாலு மாதமும் வெளியே அதிகம் வரமாட்டார். விநாயகர் சதுர்த்திக்கும் தீபாவளிக்கும் தெருவில் பலகாரத் தட்டுகள் வீடு மாறிப் போகும். அந்த வாசலை மட்டும் தாண்டிப் போகும். அவரை அக்கா என்று கூப்பிடுகிற என் மனைவி, சாதாரண நாளில் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள். சர்க்கரை வியாதி, முழங்கால் வலி, தனி ஆள். "வருசம் திரும்பட்டும், அப்புறம் கோயிலுக்கு வர்றேன்" என்று அவரே சொல்வாராம். நாங்களும் அதுதான் மரியாதை என்று இருந்தோம்.

கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலையில் கரண்ட் போனது, செல்போன் டவரும் போனது. மத்தியானம் இரண்டு மணிக்கு ஏரிக்கரையில் ஓரிடத்தில் கசிகிறது என்று ஆள் வந்து சொன்னான். நான் ராமர் படத்தின் முன்னால் ஒரு நிமிடம் நின்று, விசிலை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மேல் பக்கத்துக்கு வேறு இருவர் போனார்கள். கீழ்ப் பக்கம் எனக்கும் மச்சானுக்கும்.

நன்றாகத்தான் செய்தோம். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாசலுக்கு வாசல் விசில் ஊதினோம், தட்டினோம், ஆளைப் பார்த்தோம், குறி போட்டோம். நோட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மார்போடு வைத்திருந்தேன். ஒரு வீட்டுக் கிழவர் தன் ஆட்டை விட்டு வரமாட்டேன் என்றார். மச்சான், "ஆட்ட நான் தூக்கிக்கினு வர்றேன், உன்ன யாரு தூக்குறது, நடபா" என்று சொல்லி ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டான். எட்டு வருடம் கதவு திறக்காத வீட்டுக்காரர் அன்றைக்குத் திறந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தோடு அடுத்த வாசல், அடுத்த வாசல் என்று போனேன். நடுவில் என் வீட்டுக்குள் ஓடிப்போய் மாட்டை அவிழ்த்துவிட்டேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்குள் எல்லாரும் ஹைஸ்கூலில். மேடம் நனைந்துகொண்டே வந்து கேட்டார், "அந்தரூ வச்சேசாரா?"

எல்லாரும் வந்துவிட்டார்களா என்று கேள்வி. நான் நோட்டைப் பார்த்தேன். மேல் பக்கத்துக் குறியையும் சேர்த்து நாற்பது குறி.

"வச்சேசாரு மேடம்" என்றேன்.

ஆறு மணிக்கு ஏரிக்கரை உடைந்தது. பள்ளிக்கூடத்திலிருந்தே சத்தம் கேட்டது. பெண்கள் இரண்டு அறையில், ஆண்கள் வராந்தாவில். யாரோ ஒரு விளக்கு ஏற்றினார்கள். நாமம் சொல்ல ஆரம்பித்தோம். என் மனைவி பிறகு சொன்னாள், அக்காவைக் காணவில்லையே என்று ஒரு தடவை நினைத்தாளாம். துக்கத்தில் இருக்கிறவர், விளக்கு இருக்கிற அறையில் இருக்கமாட்டார், அடுத்த அறையில் ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்திருப்பார் என்று எடுத்துக்கொண்டாளாம். அந்த அறையில் இருந்த பெண்கள் இந்த அறையில் இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டார்களாம்.

காலையில் உப்புமா கொடுக்கும்போதுதான் என் மனைவி இரண்டு அறைக்கும் போனாள். கரண்டியைக் கையில் பிடித்தபடியே வராந்தாவுக்கு வந்தாள்.

"இன்னாங்க, அக்கா எங்க?"

"எந்த அக்கா?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது. நோட்டைத் திறந்தேன். எதற்குத் திறந்தேன் என்று தெரியவில்லை, அதில் இருக்காது என்று எனக்குத் தெரியுமே.

மார்பளவு தண்ணீரில் கயிறு கட்டிக்கொண்டு நானும் மச்சானும் போனோம். கதவை உடைத்தோம். குழிமேல் போட்டிருந்த பலகைகள் மிதந்துகொண்டிருந்தன. அண்ணி முன் அறை மூலையில், தறிக்கு நட்டிருந்த தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு கால் குழிக்குள். உயிர் இருந்தது. கண் திறந்து எங்களைப் பார்த்தார். தோளில் ஒரு துணிப்பை மாட்டியிருந்தார். முடிச்சுப் போட்ட பை.

திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குழியில் விழுந்தபோது, பிரிக்காமல் உள்ளேயே விட்டிருந்த தறி மிதியின் இரும்பு காலைக் கிழித்திருந்தது. ராத்திரி பூராவும் சேற்றுத் தண்ணீர். சர்க்கரை உடம்பு. உயிரைக் காப்பாற்றப் பார்க்கிறோம், பாதத்தைச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஆறாம் நாள் வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

நானும் மனைவியும் ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ்ஸில் போய் வந்தோம். வார்டு ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். வெளியே ஆட்டோக்களில் மொட்டைத் தலையும் சந்தனமுமாக ஜனங்கள் கோவிந்தா சொல்லிக்கொண்டு போவார்கள். வருடத்துக்கு ஒருமுறை நடந்தே மலையேறுகிறவன் நான். அந்த ஒரு மாதம் மலையடிவாரத்தில் இருந்தும் ஏறவில்லை. கும்பிட மட்டும் கும்பிட்டேன். அண்ணியைப் பிழைக்க வை என்று கேட்டேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை. அது அவனிடம் கேட்க வேண்டியதா, வேறு ஒருவரிடம் கேட்க வேண்டியதா என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

அண்ணியின் பெண்ணிடம் நான்தான் சொன்னேன். தெருவில் ஆளுக்கு ஒன்று பேசினார்கள். ஒருவர், அந்தம்மா ஏன் குரல் கொடுக்கவில்லை என்றார். இன்னொருவர், மேடம்தான் சரியாகப் பார்க்கவில்லை என்றார். அப்படியே போயிருக்கும், நான் சும்மா இருந்திருந்தால். ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தப் பெண்ணை உட்காரவைத்து, நோட்டு எழுதியதையும், வாசித்ததையும், வந்துவிட்டார்கள் என்று சொன்னதையும் சொன்னேன். அவள் அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சித்தப்பா, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள்.

"கேளும்மா."

"உங்க ஊட்டு மாட்ட அவுத்து உட்டீங்களா?"

"உட்டேன்."

"சரி" என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். அதற்குப்பிறகு இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள், டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்துச் சீட்டை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டு ஓடினேன்.

அண்ணியிடம் சொல்ல எனக்குத் தேவை ஏற்படவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது. ஒரு சாயங்காலம், நான் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தபோது அவராகவே பேசினார்.

"நீ விசில் ஊதிக்கினு வந்தது கேட்டுச்சு தம்பி. பையில துணி, மாத்திர, அவரு போட்டோ எல்லாம் எடுத்து வச்சிக்கினேன். பக்கத்து ஊட்ட தட்டினீங்க. அடுத்தது நம்ம வாசல்தான்னு கதவண்ட நாற்காலி போட்டு உக்காந்துக்கினு இருந்தேன்."

என் கையில் பழம் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்புறம் அந்தாண்ட ஊட்ட தட்டற சத்தம் கேட்டுச்சு. சரி, இந்த வாடகைக்கு இருக்கிற ஊட்ட எல்லாம் முடிச்சிட்டுத் திரும்பி வருவாங்க, நம்ம ஆளுங்கதானன்னு இருந்தேன். திரும்பி வரல. கதவத் தொறந்து பாத்தேன். தெருவுல தண்ணி வேகமா போய்க்கினு இருந்துச்சு. இந்தக் காலோட எறங்க முடியல."

"கூப்ட்டிருக்கக் கூடாதா அண்ணி?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எதுக்குக் கூப்புடணும்? நாலு மாசமா யாரையும் கூப்புடக்கூடாதுன்னுதான இருக்கேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பழம் போதும் என்று கையைக் காட்டினார்.

அன்று மச்சானும் கூட வந்திருந்தான். திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்தான். புத்தூர் பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றபோது மெதுவாகச் சொன்னான்.

"மாமா, அன்னிக்கு அந்த வாசல்கிட்ட வரும்போது நீ விசில வாயிலேர்ந்து எடுத்த. கையில மூடிக்கின. நானும் பேச்ச நிறுத்திட்டேன். தாண்டினப்புறம்தான் திரும்ப ஊதின."

எனக்கு அது ஞாபகமே இல்லை. ஆனால் அவன் சொன்னது பொய் இல்லை. உள்ளங்கையில் அந்த விசில் இருந்த இடம் எனக்குத் தெரிந்தது. அந்த வீட்டை நான் பார்க்காமல் போகவில்லை. பார்த்துத்தான், மரியாதை செய்துவிட்டுத்தான் போயிருக்கிறேன்.

அந்த மார்கழியில் பஜனை போனோம். மிருதங்கம் இல்லை. பூட்டின அந்த வாசலில் வழக்கப்படி ஜால்ராவை மூடிக்கொண்டு தாண்டினார்கள். என்னால் தாண்ட முடியவில்லை. பின்னால் நின்றுவிட்டேன்.

தை பிறந்ததும் கோயிலில் கூட்டம் போட்டுப் பேசினேன். துக்க வீட்டு வாசலிலும் இனிமேல் பஜனை நிற்க வேண்டும் என்றேன். பெரியவர்கள் ஒப்பவில்லை. "ஒரு தப்பு நடந்துபோச்சு, அதுக்குன்னு முறைய மாத்தறதா?" என்றார்கள். எனக்கும் அடித்துப் பேசத் தெரியவில்லை. நானும் அந்த முறையில் வளர்ந்தவன்தானே. துக்கத்தை அதன் போக்கில் விடுவது நல்லதுதான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். வாசலில் பெருக்கிக்கொண்டிருந்த என் மனைவி அங்கிருந்தே சொன்னாள்: "தீட்டு நமக்குத்தான். தண்ணிக்கு இன்னா தெரியும்? பொங்கலுக்கு ஒரு நோட்டு, தண்ணிக்கு ஒரு நோட்டு வச்சிக்கினா போச்சு." அதுதான் முடிவானது. இரண்டு நோட்டு. இரண்டாவது நோட்டில் முதல் வரியில் அண்ணி வீட்டை எழுதினேன். அதிலிருந்து எந்த வீட்டையும் எந்தக் காரணத்துக்கும் எடுப்பதில்லை. மேடத்திடம் தெலுங்கிலும் எழுதி வாங்கினேன்.

ஆடியில் அண்ணனுக்குத் திவசம். ஆஸ்பத்திரிக்குப் பிறகு விஜயபுரத்தில் தன்னோடு வைத்திருந்த அம்மாவை அதற்காகப் பெண் கூட்டிக்கொண்டு வந்தாள். திவசம் முடிந்ததும் அண்ணி திரும்பிப் போகவில்லை. தன் வீட்டில்தான் இருப்பேன் என்றுவிட்டார். கட்டையை ஊன்றி நடக்கப் பழகியிருந்தார். நாங்கள் ஏழெட்டுப் பேர் போய்க் குழியை மூடினோம். கூடை கூடையாக மண் கொட்டி, மிதித்து, மேலே சிமெண்ட் பூசினோம். அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் நாலு கூட போடு தம்பி, மழ வந்தா எறங்கும்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. காபி போட்டுக் கொடுத்தார். எல்லாருக்கும் கொடுத்தார், எனக்கும் கொடுத்தார்.

மனது கொஞ்சம் லேசானது. பெருமாள் கண் திறந்துவிட்டான் என்றுகூட வீட்டில் சொன்னேன்.

ஐப்பசி பிறந்தது. முதல் பெரிய மழை. ஏரிக்கரை புதிதாகக் கட்டியதுதான், என்றாலும் எச்சரிக்கை வந்தது. காலை பத்து மணி இருக்கும். விசிலை எடுத்துக்கொண்டு ஓடினேன். வரிசையெல்லாம் பார்க்கவில்லை. நேராக அண்ணி வீட்டுக்குத்தான் ஓடினேன். கதவைத் தட்ட வேண்டும், என் கையால் தட்ட வேண்டும், அவர் உள்ளிருந்து திறக்க வேண்டும். வழியெல்லாம் அதுதான் மனதில்.

கதவு பூட்டியிருந்தது. அண்ணி தெருவில், வாசற்படிக்கு வெளியே, பிளாஸ்டிக் நாற்காலியில் மழையில் உட்கார்ந்திருந்தார். தலைக்குமேல் குடை. மடியில் முடிச்சுப் போட்ட பை. பக்கத்தில் ஊன்றுகோல். புடவை முழுக்க நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. விடிந்ததிலிருந்து அங்கேதான் இருக்கிறார் என்று எதிர்வீட்டுப் பெண் சொன்னாள். உள்ளே போங்க என்று சொல்லிப் பார்த்தார்களாம், கேட்கவில்லையாம்.

"அண்ணி, ஏன் மழையில? நான் வந்து தட்ட மாட்டேனா?"

அவர் குடையைக் கொஞ்சம் தூக்கி என்னைப் பார்த்தார்.

"நீ வருவ தம்பி. இப்ப நீ நல்லாவே வருவ. எனக்குத்தான் உள்ள உக்காந்து காத்துக்கினு இருக்க முடியல. வெளிய இருந்தா யாரும் தட்ட வேண்டியதில்ல பாரு."

நானும் மச்சானும் நாற்காலியோடு அவரைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். அன்றைக்குத் தெருவில் தண்ணீர் வரவில்லை. மறுநாள் அதே நாற்காலியில் திரும்பக் கொண்டுவந்து விட்டோம்.

அதற்குப்பிறகு இரண்டு ஐப்பசி போய்விட்டது. வருடம் திரும்பி, அவர் வாசலில் பஜனை நிற்கிறது. விளக்குக்குத் தண்ணீர் ஊற்றிக் கற்பூரமும் காட்டுகிறார். பொங்கல் முறையும் செய்கிறார். குறை ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் வானம் கறுத்தால் போதும், தூறலோ பெருமழையோ, கதவைப் பூட்டிக்கொண்டு நாற்காலியை வெளியே போட்டுவிடுவார். யார் சொன்னாலும் உள்ளே போவதில்லை. என் மனைவி போய்ப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். இரண்டு பேரும் ஒரே குடையில் இருப்பார்கள்.

இன்றைக்குக் காலையிலிருந்து மேற்கே மூடிக்கொண்டு வருகிறது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, நாலு வீடு தள்ளி நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. பேனாவை மூடி வைக்கிறேன். விசிலை எடுத்துக்கொண்டு போக வேண்டும். எச்சரிக்கை ஒன்றும் வரவில்லை. இருந்தாலும் அந்த வாசலில் நின்று ஒரு தடவை ஊதிவிட்டு, பூட்டின கதவை ஒரு தடவை தட்டிவிட்டு வருவேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.